பிறந்த மண்ணா? பெற்றோர் மண்ணா?

அணிக்குப் பதின்மூவர் ஆடும் ரக்பி லீக், 1895இல் வட இங்கிலாந்தில் ரக்பியினின்று தனியே பிரிந்தது. ஆடுவதற்காக ஒருநாள் வேலையை இழந்த சுரங்கத் தொழிலாளிக்கு அந்நாட் கூலியை ஈடுசெய்ய மேலிடத்தார் மறுத்ததே பிரிவின் காரணம். இவ்வாட்டத்தின் உலகக் கோப்பை 1954இல் பிரான்சில் நான்கு நாடுகளுடன் தொடங்கிற்று. 2022 வரை நடந்த 16 போட்டிகளில் ஆஸ்திரேலியா 12 முறை வென்றுள்ளது; எஞ்சியவை பிரிட்டனுக்கும் நியூசிலாந்துக்கும். மூவரே பகிர்ந்துகொள்ளும் கோப்பையை உலகத்தது என்பது சற்று மிகைதான்!

2017இல் ஜேசன் டவ்மலோலோ நியூசிலாந்தையும், ஆண்ட்ரூ ஃபிஃபிடா ஆஸ்திரேலியாவையும் விடுத்து டோங்காவுக்கு ஆட முன்வந்தனர். முன்னவர் பிறந்தது ஆக்லாந்து. பின்னவர் பிறந்தது சிட்னி. டோங்கா அவர்தம் முன்னோர் மண். வளர்த்த நாட்டை மறந்தனர் என்று பழித்தோர் உண்டு. எனக்கு அப்பழி பொருந்தாததாகவே தோன்றுகிறது. பிழைப்பைத் தேடிப் பெற்றோர் கடல் கடந்தனர். மக்கள் பந்தோடு திரும்பினர். கூடுதல் ஊதியம் பெரிய நாட்டிற்றான் இருந்தது என்பதையும் எண்ணவேண்டும். ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் வாழும் டோங்கா, ஹாமில்டனில் நியூசிலாந்தை 28-22 என வென்றது; அரையிறுதியில் இங்கிலாந்திடம் இரண்டே புள்ளிகளில் வீழ்ந்தது.

ஆண்டுக்கொரு நாட்டுக்கு ஆடுவதா எனக் கேட்பது நியாயமே. அதற்கு வரம்பிடலாம், ஆனால் வாயிலை அடைத்தல் ஆகாது. 2022இல் சமோவா இறுதியாட்டத்தை எட்டியதும் இவ்வாயில் வழியேதான்.