கைப்பையில் ஆணுறை இருந்தால் குற்றமா?

ஆணுறை வேண்டாம் என்றால் கூடுதல் பணம். பாலியல் தொழிலில் இருக்கும் திருநங்கைகளிடம் வாடிக்கையாளர்கள் பேசும் பேரம் இது. பெற்ற வீடு துரத்திவிட்டது. வேலையும் இல்லை, வாடகைக்கு வீடும் கிடைக்கவில்லை. அந்த நிலையில் இருப்பவருக்கு, நீட்டும் பணத்தை மறுப்பது சுலபமல்ல.

போலீஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது. கைப்பையில் ஆணுறை இருந்தால், அதையே ஆதாரமாக்கி வழக்கு போட்டுவிடுவார்களோ என்று எடுத்துச் செல்லவே தயங்குகிறார்கள்.

ஆபத்தின் அளவு எண்களில் தெரிகிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தோரிடம் ஹெச்.ஐ.வி தொற்று சுமார் 0.2 சதவிகிதம், திருநங்கைகளிடம் சுமார் 3.8 சதவிகிதம்.

ஆணுறை வைத்திருப்பதைக் குற்றமாகவோ, குற்றத்துக்கு ஆதாரமாகவோ கருதக் கூடாது என்று 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. இதைத் திருநங்கைகளும் தெரிந்துகொள்ள வேண்டும். ரோந்து செல்லும் போலீஸாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய், வாசலின் தடவினால் ஆணுறை கிழியும். நீர் சார்ந்த ஜெல்தான் பாதுகாப்பு. அப்படியும் கிழிந்துவிட்டால் உடனே அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி மையத்துக்குச் செல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள்கள் சாப்பிட வேண்டிய தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். முடிவு ரகசியமாக இருக்கும். சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆணுறை அணிய வேண்டியவர் அந்த வாடிக்கையாளர். அவர் திரும்பிப்போகும் வீட்டில் ஒரு மனைவி இருக்கலாம். அவருக்கு இந்தப் பேரம் எதுவும் தெரியாது!