விண்ணில் ஒரு சிம்மக்கல்

சிம்மக்கல்லில் நின்றுதான் நாள்தோறும் கல்லூரிக்குப் பேருந்து ஏறுகிறேன். ஊர்ப்பெயரிலேயே சிங்கம் இருக்கிறது. விண்ணிலும் ஒரு சிங்கம் உண்டு. சிம்ம ராசிக்கு வாரந்தோறும் பலன் படிக்கும் நம்மில் அந்தச் சிம்மத்தை நிமிர்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

மாசி மாதத்தில் இரவு எட்டு மணியளவில் வைகைக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். அரிவாள் போல் வளைந்த விண்மீன் கூட்டம் தெரியும். அதுவே சிங்கத்தின் தலையும் பிடரியும். அரிவாளின் பிடியில் ஒளிர்வது மகம், பின்முதுகில் பூரம், வாலில் உத்திரம்.

எந்த ஆயுதமும் துளைக்காத தோலுடைய சிங்கத்தை ஹெர்குலிஸ் கழுத்தை நெரித்துக் கொன்றான், சீயஸ் அதனை விண்ணில் வைத்தான் என்பது கிரேக்கர் கதை. மகத்தின் இலத்தீன் பெயரான ரெகுலஸ் என்பதற்குச் 'சிற்றரசன்' என்று பொருள். நம்மவரும் மகத்தில் பிறந்தவர் ஜகத்தை ஆள்வர் என்றனர்!

அறிவியல் கூறுவது வேறு. மகம் ஏறத்தாழ 79 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு சூரியன். நம் சூரியன் தன்னைத்தானே சுற்ற ஏறக்குறைய 25 நாட்கள் ஆகும். மகத்துக்கு 16 மணி நேரம் போதும். இன்று நாம் காணும் அதன் ஒளி, நம் பெற்றோர் பிறக்குமுன்பே புறப்பட்டது.

சந்திரன் வானைச் சுற்றிவரும் வழியில் நாள் கணக்கிட முன்னோர் நட்ட 27 மைல்கற்களே இந்த நட்சத்திரங்கள். மைல்கல்லைத் தடைக்கல்லாக்கியவர்கள் நாம்.

தேள் வடிவக் கூட்டத்தின் வாலில் இருப்பது மூலம். எங்கள் தெருவில் ஓர் அக்கா. படித்தவர், வேலையில் இருப்பவர். மூலத்தில் பிறந்தவர் என்பதால் மூன்று முறை அவர் ஜாதகம் திரும்பி வந்தது. மாமனாருக்கு ஆகாதாம்!

கதிரவன் சிம்மத்தில் நிற்கும் மாதமே ஆவணி. அம்மாதத்து மூலத் திருவிழாவில்தான் சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை மதுரை கொண்டாடுகிறது. ஆவணி மூல வீதி என்று தெருவுக்கே பெயர் சூட்டியிருக்கிறோம். இறைவனுக்கு உகந்த மூலம், ஒரு பெண்ணுக்கு மட்டும் ஆகாமற் போகுமா? மூலம் மாமனாரை அறியாது; மகம் எந்த மகுடத்தையும் அறியாது.

நம் இயற்பியல் துறையினர் வரும் மாசியில் ஓர் இரவு மாணவர்க்கு வானத்தைக் காட்ட வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெற்றோரும் வரட்டும், குறிப்பாக, மகனுக்குப் பெண் தேடும் பெற்றோர் வரட்டும். கட்டத்துக்குள் எழுத்தாகப் படித்ததை வானில் சூரியனாகக் கண்டபின், அதன் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணை மறுக்க நா எழாது என நம்புகிறேன்.