பறிபோவது துணிவே!

விளையாட்டு என்றதும் நம் பெரியவர்கள் அதை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். திடலில் ஆடுவது உடலுக்கு நல்லது. திரையில் ஆடுவது கண்ணுக்கும் படிப்புக்கும் கேடு. இந்தத் தீர்ப்பில் உண்மை இல்லாமல் இல்லை. சென்ற ஆண்டு ஒரு தாளில் நான் தேறாமல் போனதற்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியும் காரணம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்கும் வாதாட உரிமை உண்டு அல்லவா? அந்த உரிமையோடுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியின் பெயர் பி.எஸ்.பி. சோனி நிறுவனம் 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. சுமார் பத்தாண்டுகள் விற்பனையில் இருந்து மறைந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், தமக்கு வேறொன்று வாங்கிக்கொண்டு, பழையதை எனக்குத் தந்தார். அதனுள் இருந்த வட்டுதான் 'டிசிடியா ஃபைனல் ஃபேண்டசி'.

இரு மரபுகளின் சந்திப்பு

'ஃபைனல் ஃபேண்டசி' என்பது 1987 டிசம்பர் 18 அன்று ஜப்பானில் பிறந்த கதை விளையாட்டு வரிசை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உலகம், தனி மாந்தர். அந்த வரிசையின் இருபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் முயற்சியாக, ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் 2008-இல் அதே டிசம்பர் 18 அன்று டிசிடியாவை வெளியிட்டது. முதல் பத்துப் பாகங்களின் நாயகர் பதின்மரும் பகைவர் பதின்மரும் இதில் ஒரே களத்தில் மோதுகிறார்கள். ஒரு பக்கம் இசைவின் தெய்வம் காஸ்மாஸ். மறுபக்கம் குழப்பத்தின் தெய்வம் கேயாஸ். கர்ணனும் கும்பகருணனும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்றால் நம்மூர்க் கூத்து ரசிகனுக்கு எப்படியிருக்கும்? அந்த மகிழ்ச்சிதான் இதிலும்.

ஆனால், சந்தித்தவர்கள் மாந்தர்கள் மட்டும் அல்லர். இரண்டு விளையாட்டு மரபுகளும் சந்தித்தன. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற சண்டை விளையாட்டில் இருவரும் முழு உயிரோடு, ஒரே கோட்டில் தொடங்குவார்கள். விரலின் விரைவும் கண்ணின் கூர்மையுமே வெல்லும். கதை விளையாட்டின் அறம் வேறு. அங்கே போராடப் போராட அனுபவம் சேரும், லெவல் ஏறும், வாளும் கேடயமும் வாங்கலாம். முன்னது திறமையைப் போற்றுவது. பின்னது உழைப்பைப் போற்றுவது. டிசிடியாவில் சண்டை முன்னதைப் போன்றது. வளர்ச்சி பின்னதைப் போன்றது. ஒவ்வொரு வீரனும் லெவல் 1-இல் தொடங்கி 100 வரை ஏறலாம்.

இந்தத் திருமணம் பொருத்தமானதா? நேற்றுப் பிறந்தவனும் நூறு படி ஏறியவனும் மோதுவது நியாயமா? இதுதான் என் கேள்வி.

துணிவும் உயிரும்

விடை சொல்லுமுன் அந்தச் சண்டையின் முறையை விளக்க வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று உயிர், மற்றொன்று துணிவு. தாக்குதலும் இரண்டு வகை. முதல் வகை, பகைவனின் துணிவை மட்டுமே பறிக்கும். பறித்தது காற்றில் போகாது. பறித்தவன் கணக்கில் சேரும். இருவரிடமும் 500 இருக்க, நான் 100 பறித்தால் எனக்கு 600, அவனுக்கு 400. இரண்டாம் வகைத் தாக்குதல் உயிரைக் குறைக்கும். எவ்வளவு? தாக்குபவனிடம் அப்போதுள்ள துணிவு எவ்வளவோ, அவ்வளவு. அடித்து முடித்ததும் அவன் துணிவு பூச்சியமாகிவிடும். பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு ஏறும்.

துணிவு பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டால் வீரன் முறிந்து போவான். அந்நிலையில் அவன் உயிரைக் குறிவைத்து அடித்தாலும் அடியில் வலு இருக்காது. களத்தில் பொதுவாகக் கிடக்கும் துணிவும் மொத்தமாக எதிரிக்குப் போய்விடும்.

இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு நினைவுக்கு வந்தது வேறு களம். கல்லூரியில் நான் சேர்ந்த புதிது. ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருந்தும், சொல் தடுமாறி நின்றேன். பின் வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அவர்கள் என்னை அடிக்கவில்லை. என் புத்தகத்தையும் பிடுங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில் நான் இழந்ததை அவர்கள் பெற்றார்கள். அதன்பின் அரை ஆண்டு, தெரிந்த விடைக்கும் நான் கை தூக்கவில்லை. முறிந்து கிடந்தேன். எந்தப் போட்டியிலும் ஒருவன் வீழ்வதற்கு நெடுநேரம் முன்பே அவன் துணிவு பறிபோய்விடுகிறது. டிசிடியா அதை எண்ணாக்கித் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஏணியா, தரையா?

இனி நியாயத்துக்கு வருவோம். அண்ணன் விடுப்பில் வந்தார். இரண்டு பெட்டிகள் அருகருகே இருந்தால் கம்பியில்லாமலே இருவர் மோதலாம். என் கிளவுட் லெவல் 12; அவருடைய செஃபிராத் 100. மூன்று முறை தோற்றேன். "தம்பி, உன்னை நான் ஜெயிக்கவில்லை. என் இரண்டு வருடத்து இரவுகள் ஜெயித்தன" என்றார். பிறகு, தாம் ஒருமுறையும் தொடாத வீரன் ஒருவனை லெவல் 1-இல் எடுத்துக்கொண்டு ஆடினார். நான் வென்றேன். சோறு இருந்தும் உப்பில்லாதது போல் இருந்தது அந்த வெற்றி.

"இறங்கி வராதீர்கள் அண்ணே, ஏறுகிற வழியைச் சொல்லுங்கள்" என்றேன். சொன்னார். எப்போது விலகுவது, எப்போது தடுப்பது, எந்த வித்தையைச் சுமப்பது, எதை விடுவது. இவ்விளையாட்டில் எல்லா வித்தையையும் ஒருவனே சுமக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாரம் உண்டு. ஆனால் ஒரு வித்தையை முற்றும் பயின்றுவிட்டால் அதன் பாரம் குறையும். பயின்றது பாரமாவதில்லை என்பதை எந்த ஆசிரியரும் இதைவிட எளிதாக எனக்குச் சொன்னதில்லை! அவர் விடுப்பின் கடைசி வாரம் என் கிளவுட் லெவல் 80-ஐ எட்டியிருந்தான். ஐந்தில் ஒன்றை வென்றேன். அந்த ஒன்றின் விலைதான் மேலே சொன்ன அந்தத் தாள். அதையும் மறைக்கவில்லை.

ஏற்றத்தாழ்வே கூடாது என்பார் உண்டு. பின்னாளில் இதே பெயரில், 2015-இல் ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களுக்கும், 2018-இல் பிளேஸ்டேஷன் 4-க்கும் வந்த புதிய பதிப்பில், மூவருக்கு மூவர் மோதினர். துணிவுக் கணக்கு நீடித்தது. ஆனால் வாள், கேடயம் முதலியவற்றால் வலிமை கூட்டும் ஏற்பாடு நீக்கப்பட்டது. முன்பின் அறியாதவர்கள் காசு போட்டு மோதும் கூடத்தில் அது நியாயமே, மறுக்கமாட்டேன். ஆயினும், எல்லாரையும் தரையில் நிறுத்துவது மட்டுமே சமத்துவம் ஆகாது என்பது என் கருத்து. தரையில் நிற்பவனுக்கு ஏணி தருவதும், ஏறும்போது அவன் துணிவைப் பறிக்காதிருப்பதும் சேர்ந்ததே சமத்துவம். லெவல் 100-இல் ஒருவன் இருப்பது அநீதியன்று; லெவல் 1-இல் இருப்பவனைப் பார்த்து அவன் சிரிப்பதே அநீதி.

பன்னிரண்டாம் சுற்று

இன்னொரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 2011-இல் இதன் அடுத்த பாகம் 'டிசிடியா 012' வெளிவந்தது. அடுத்த பாகமானாலும் கதை முந்தையது. தெய்வங்களின் போர் சுற்றுச் சுற்றாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வீழ்ந்தவர்கள் நினைவிழந்து மீண்டும் எழுகிறார்கள். 2008-இல் நாம் வென்றது பதின்மூன்றாம் சுற்று. பன்னிரண்டாம் சுற்றில் பளிங்குப் பொம்மைப் படை ஒன்று அலையலையாக வருகிறது. அவற்றிடம் வீழ்ந்தவர்க்கு மறுபிறப்பு இல்லை. லைட்னிங், கெய்ன், டிஃபா, லகூனா, யூனா, வான் ஆகிய அறுவர், அந்தப் படை வரும் வாயிலை அடைக்கப் போகிறார்கள். திரும்பமாட்டோம் என்று தெரிந்தே போகிறார்கள். அடுத்த சுற்றில் வெல்லப்போகிறவர்களுக்குத் தம் பெயர்கூட நினைவிருக்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முதல் பாகத்தை ஆடி வென்றபோது, 'நான் வென்றேன்' என்று துள்ளினேன். இரண்டாம் பாகத்தை ஆடிய பிறகுதான், நான் நின்ற படியை வேறு யாரோ உயிர் கொடுத்துக் கட்டியிருந்தார்கள் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை கையெழுத்துக்குமேல் எழுத அறியாதவர். அவருடைய சுற்று எதுவென்று இப்போது எனக்குப் புரிகிறது.

நண்பர்களே! விளையாட்டில் பொழுதை இழக்காதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றை மட்டும் வேண்டுகிறேன். அடுத்த முறை வகுப்பில் ஒருவன் சொல் தடுமாறி நிற்கும்போது சிரிக்காதீர்கள். அவனிடம் இருப்பது அந்தத் துணிவு ஒன்றுதான். அதைக் கொடுத்து அனுப்பியவர்கள், தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை.