பதினாறு வயதுக்கும் குழந்தை மருத்துவர் வேண்டும்



பிள்ளைக்கு ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டு முடித்ததும், குழந்தை மருத்துவருக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்ததென நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அரசாங்க அட்டவணையிலோ 10 வயதிலும் 16 வயதிலும் ஊசி உண்டு. போதை என்னும் நஞ்சு பிள்ளைகளை நாடி வருவதும் அந்தப் பருவத்திலேதான்.

மைய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பை நோக்குவோம். பசை, தின்னர் முதலியவற்றின் ஆவியை முகரும் பழக்கம் பெரியவர்களிடையே நூற்றுக்கு 0.58, 10 முதல் 17 வயது வரையுள்ளோரிடையே 1.17. பிள்ளைகள் பெரியவர்களை மிஞ்சிய போதை இது ஒன்றே. முதன்முறை முகரும்போதே நெஞ்சு நின்று உயிர் போவதும் உண்டு. நம் அலமாரியில் கிடக்கும் பாரசிட்டமால் மாத்திரையும் அளவு மிஞ்சினால் ஈரலை அழிக்கும்.

கேரள அரசு 2016-இல் 'விமுக்தி' இயக்கத்தைத் தொடங்கியது. காவலரும் கலால் துறையினரும் தம் கடமையைச் செய்க. ஆயினும் அவர்கள் வருமுன் பிள்ளையிடம் பேசத்தக்கவர் அவனைச் சிறுவயது முதல் அறிந்த மருத்துவரே. உறக்கம், பள்ளி, நண்பர் என வினவி, பின் போதையைப் பற்றியும் அவர் கேட்பார். தொடங்கியவனுக்கு அறிவுரை கூறுவார். ஆழ்ந்துவிட்டவனை மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

இந்நகரில் நமக்குத் தனி இடர் ஒன்று உண்டு. மருத்துவரிடம் மலையாளத்தில் பேசுபவன் பிள்ளை. தமிழ் மட்டும் அறிந்த தாய்க்கு அதை எடுத்துரைப்பவனும் அவனே. தாய் அறிய வேண்டியது அங்கேயே மறைந்துபோகிறது. ஆகவே, இருமொழியும் அறிந்த பெரியவர் ஒருவரை உடனழைத்துச் சென்று, தாய் தன் ஐயத்தை நேரே கூறுக. பின்னர்ப் பத்து நிமிடம் வெளியே அமர்ந்து, பிள்ளையை மருத்துவருடன் தனியே பேச விடுக. அவன் உயிருக்கு ஆபத்தென்றால் மருத்துவர் நம்மிடம் மறைக்கமாட்டார்.

பிள்ளை மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். அவன் உட்கொண்டதை, மாத்திரை உறையுடன், மருத்துவரிடம் மறையாது கூறுங்கள். அபின் இனத்து மருந்துக்கு நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. பாரசிட்டமாலுக்கும் மாற்று மருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பயன் தரும். 'ஊரார் என்ன சொல்வர்' என்று தயங்கும் நேரம் அந்த எட்டு மணியில்தான் கழிகிறது.

வாய்விட்டுப் பேச ஆளில்லை என்போர் 14416 என்னும் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

பிழைப்புத் தேடி ஊர் விட்டு வந்தோம். யாருக்காக வந்தோமோ அவர்களை இழந்துவிடலாகாது. இவ்வாரமே மருந்து அலமாரிக்குப் பூட்டிடுவோம். பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.