ஏற்றிய கொடியை இறக்குவது யார்?

ஆகஸ்டு 15-ந் தேதி காலையில் ரெயில் நிலையத்துக்கு வரும் குழந்தைகளின் கையில் எல்லாம் ஒரு காகிதக் கொடி. டிக்கெட் கவுண்ட்டருக்குள் இருந்து பார்க்கவே மனம் நிறைந்துவிடும். மறுநாள் டியூட்டிக்குப் போனால் அதே கொடிகள் பிளாட்பாரத்தில் வாழைப்பழத் தோலோடு கிடக்கும். துடைப்பம் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் தள்ளும். துப்புரவுத் தொழிலாளியைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கீழே போட்டவர்கள் நாம்.

என் தெருவில் ஒரு வீட்டு மாடியில் கொடி ஒன்று மாதக்கணக்கில் தொங்கியது. பச்சை வெளுத்து, ஓரம் கிழிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கும் தெரிகிறது, சார். ஆனால் இறக்கி என்ன செய்வது? குப்பையில் போட முடியாது. எரித்தால் போலீஸ் பிடிக்குமே!" என்றார்.

அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொது இடத்திலோ, பிறர் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பதும், சிதைப்பதும், அவமதிப்பதும் 1971-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதே வேளையில், கிழிந்த கொடியைப் பறக்க விடக்கூடாது; அதைத் தனிமையில், மரியாதையோடு முழுமையாக அழிக்க வேண்டும், எரிப்பதே நல்லது என்கிறது 2002-ம் ஆண்டின் கொடி விதி. ஆக, மாடியில் நைந்து தொங்குவதுதான் தவறு.

நமக்குக் கிடைத்துள்ள உரிமை சிறியது அல்ல. கொடி ஏற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் தீர்ப்பு அளித்தது. 2021-ல் பாலியஸ்டர் கொடிக்கு அனுமதி வந்தது. 2022-ல், வீட்டில் இரவும் பகலும் பறக்கவிடலாம் என்று விதி தளர்ந்தது. மரியாதை மட்டும் தளர்த்தப்படவில்லை.

நம் கர்நாடகத்தில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் கதர்க் கொடி தயாராகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூலும் சாயமும் அளவும் சோதிக்கப்பட்ட பிறகே கொடி வெளியே வருகிறது. அத்தனை பேர் உழைப்பை ஒரே நாளில் தரையில் விடலாமா?

இங்குள்ள நமது சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேசியக் கொடி ஏறும் கம்பத்தில் சங்கக் கொடியைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கொடியில் சங்கத்தின் பெயரை எழுதாதீர்கள். காவி நிறம் மேலே இருக்கிறதா என்று கட்டும்போதே பாருங்கள். பிளாஸ்டிக் கொடி வாங்காதீர்கள். மிட்டாய் கொடுத்து முடிந்ததும் காகிதக் கொடிகளைச் சேகரிக்க இரண்டு இளைஞர்களை நியமியுங்கள்.

பச்சைக் கொடி காட்டும் ரெயில்வே ஊழியர், வண்டி போனதும் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். தரையில் போட்டு நான் பார்த்தது இல்லை. அது வெறும் சைகைக் கொடி. இது நாட்டின் கொடி.

விரைவாக ஏற்று, மெதுவாக இறக்கு என்பது விதி. ஏற்றுவதற்குப் பிரமுகரை அழைக்கிறோம். இறக்குவதற்கும் ஒருவர் பெயரை அன்றைக்கே முடிவு செய்வோம்.