மூக்குக் கண்ணாடிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

தூத்துக்குடிச் சகோதரிகளே! 1961-ல் இங்கே முத்துக்குளிப்பு நின்றது. முத்தைத் தரம் பிரித்த கண்களுக்கு வேலை போயிற்று. ஆனால் ஊசியில் நூல் கோக்கவும், அரிசியில் கல் பொறுக்கவும் நமக்கு இன்றும் கூரிய கண் வேண்டுமே!

"இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே" என்று கண்ணாடிக் கடைக்குப் புறப்பட்டு விடாதீர்கள். சாதாரண மருத்துவ பாலிசி ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். கண் பரிசோதனைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பணம் வராது. வெளிநோயாளிச் செலவையும் சேர்த்து எடுத்திருந்தால், சில பாலிசிகளில் கிடைக்கலாம்.

கண்புரை ஆபரேஷன் விஷயம் வேறு. 2020-ல் வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் அதற்கு இடமுண்டு. ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய், அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு; எது குறைவோ அது. ஆனால் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். புரை விழுந்த பிறகு பாலிசி தேடினால் சமயத்துக்கு உதவாது.

பாலிசி இல்லையா? கலங்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் இலவசம். பள்ளிப் பிள்ளைகளின் கண்ணாடிக்காக 2009-ல் 'கண்ணொளி காப்போம்' திட்டம் தொடங்கியது, பள்ளியில் விசாரியுங்கள்.

"வயசானால் கண் மங்கத்தான் செய்யும்" என்று மாமியார் சொன்னால் விட்டுவிடாதீர்கள். கையோடு அழைத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் கண்ணாடிக்கும் மாதம் சிறு தொகை அஞ்சறைப் பெட்டியில் சேரட்டும்!