பன்றிக்கு எந்தத் தோட்டா?

காட்டுப்பன்றியைச் சுடலாமா கூடாதா என்று பேசாத டீக்கடை நம் போச்சம்பள்ளிப் பக்கத்தில் இல்லை. ஆனால் எதைக் கொண்டு சுடுவது என்று கேட்பவர் யாரும் இல்லை. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. பன்றியின் வேதனை, பயிரின் கதி, ராத்திரி ஷிப்டு முடிந்து வண்டியில் வரும் நம் வீட்டுப் பெண்ணின் உயிர் எல்லாமே அதில்தான் அடங்கியிருக்கிறது.

வருவாய்த்துறையில் வேலை பார்த்த காலத்தில் துப்பாக்கி உரிமக் கோப்புகள் பல என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. நான் வேட்டைக்காரன் அல்ல. ஆனாலும் அந்தக் கோப்புகளைப் படித்துப் படித்து, உரிமம் வைத்திருந்த பெரியவர்களிடம் பேசிப் பேசி, இந்த விஷயத்தில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பன்றியின் பக்கம். நம் எல்லையில் அதற்கு மூன்று பெயர். தமிழில் காட்டுப்பன்னி, கன்னடத்தில் காடு ஹந்தி, தெலுங்கில் அடவி பந்தி. மூன்று மொழியிலும் வைகிறார்கள். நிலக்கடலை, கேழ்வரகு, மரவள்ளி, கரும்பு என்று எதையும் அது விடுவதில்லை. தின்பதைவிடக் கிளறிப் போடுவது அதிகம். ஒரு ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் காலையில் கடலைக்காடு ஏர் ஓட்டின நிலம் மாதிரி கிடக்கும். சினைக்காலம் நான்கு மாதம்கூட இல்லை. ஓர் ஈற்றில் நாலு, ஆறு குட்டி. ஆகவே விவசாயியின் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இது இன்று நேற்றுத் தொடங்கிய சண்டையும் இல்லை. பன்றியோடு போராடி மாண்டவனுக்கு எடுத்த நடுகற்கள் நம் கிருஷ்ணகிரி, தருமபுரிச் சீமையில் நிற்கின்றன. பன்றிக்குத்திப்பட்டான் கல் என்பார்கள். நம் முன்னோர் அந்தச் சாவைப் போர்க்களத்துச் சாவுக்குச் சமமாக மதித்திருக்கிறார்கள்.

அடுத்து சட்டம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து காட்டுப்பன்றியை நம் இஷ்டத்துக்குக் கொல்ல முடியாது. பயிரை அழித்தால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ அனுமதிக்கலாம். கேரளாவில் 2022 மே மாதம் அந்த அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்கள் கைக்கே கொடுத்தார்கள். உரிமம் உள்ள துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டுச் சுடச் சொல்லலாம். பீகாரிலும் உத்தரகண்டிலும் 2015, 2016 வாக்கில் சில மாவட்டங்களில் கொஞ்ச காலத்துக்குப் பன்றியைத் தீங்குயிர் என்றே மத்திய அரசு அறிவித்தது. நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு மாதிரி. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடக் கூடாது. கிராம அளவில் குழு பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நமக்கே துப்பாக்கி குடுத்துட்டா ஆச்சு சார், எதுக்கு இந்தச் சுத்து?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் தோட்டா பற்றிச் சொல்ல வருகிறேன்.

நம் பக்கத்தில் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, கிட்டித்து, ரவையோ பால்ரஸ் குண்டோ போட்டுச் சுடுவது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முதலில் சொல்வது இந்த வாய்வழி நிரப்பும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று அதிகாரி கருதினால் மட்டும் வேறு ரகம். அந்தக் காலத்துக்கு அது சரி. சத்தம் போட்டு விரட்டவும், கிளியையும் நரியையும் ஓட்டவும் அது போதும். ஆனால் பெரிய ஆண் பன்றிக்கு அது போதாது. முழுசாக வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். தோளில் தோலுக்கடியில் கேடயம் மாதிரி கெட்டியான சதைப்பட்டை இருக்கும். இன்னொரு ஆணின் கோரைப்பல்லிலிருந்து தப்பிக்க இயற்கை கொடுத்த கவசம் அது. உருண்டைக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும். அந்தப் பட்டையிலேயே நின்று போகலாம். பன்றி சாகாது. புண்ணோடு ஓடும். புழு வைத்து எங்கோ பத்து நாள் கழித்துச் சாகும். அல்லது மறுநாள் காலை புதரில் படுத்திருந்து, விறகுக்குப் போனவரின் தொடையைக் கிழிக்கும். சுட்டவன் வீட்டில் தூங்குவான், கிழிபடுவது வேறொருவர்.

12 போர் துப்பாக்கி இதைவிட மேல். புனேக்குப் பக்கத்தில் கட்கி தொழிற்சாலையில் செய்யும் சக்திமான் தோட்டாவைப் பழைய உரிமக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அதில் எண் போட்ட ரவைத் தோட்டாக்கள் பறவைக்கும் முயலுக்கும் உள்ளவை. அவற்றால் பன்றியைச் சுடுவது பாவம். எஸ்.ஜி., எல்.ஜி. என்பவை பெரிய ரவை. ஒரு தோட்டாவில் ஒற்றை இலக்கத்தில்தான் குண்டுகள் இருக்கும். கிட்டத்தில், இருபது இருபத்தைந்து கஜத்துக்குள், நிதானமாகச் சுட்டால் வேலை செய்யும். தூரம் கூடக் கூட ரவை விரியும். ஒன்று வயிற்றில், ஒன்று காலில் என்று படும். ஒற்றைக் குண்டு போட்ட தோட்டா இன்னும் கொஞ்சம் தூரம் நிற்கும். ஆகவே 12 போர் வைத்திருப்பவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்ததும் பதறிச் சுடுகிறவன் கையில் அது நாட்டுத் துப்பாக்கிக்குச் சமம்தான்.

பிறகு ரைபிள். .303 போன்ற ராணுவ ரகங்கள் நம் நாட்டில் தனியாருக்குத் தடை. .315-உம் .30-06-உம் தனியார் வைத்திருக்கக் கூடியவை. .22 ரைபிள் இலக்குப் பயிற்சிக்கு ஆனது. அதன் குண்டு இரண்டரை கிராம் சொச்சம். .315-இன் குண்டு ஏறக்குறைய 16 கிராம். இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எதைப் பன்றிமேல் நீட்டக் கூடாது என்று தெரிந்துவிடும்.

எடை மட்டும் போதாது, குண்டின் மூக்கும் முக்கியம். முழுக்கச் செம்புக் கவசம் போட்ட ராணுவக் குண்டு பன்றிக்குள் ஊசி மாதிரி புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடும். பன்றி உடனே விழாது, குண்டும் நிற்காது. மூக்கில் ஈயம் வெளியே தெரியும் மென்மூக்குக் குண்டு உடம்புக்குள் புகுந்ததும் காளான் போல விரியும். தன் விசையை அங்கேயே இறக்கி வைக்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இப்படி விரியும் குண்டுகளுக்குத் தம்தம் குண்டு என்று உலகம் முழுக்கப் பெயர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் தம்தம் ஆயுதச்சாலையில் வெள்ளைக்காரன் செய்தது. மனிதர்மேல் சுடக் கொடூரமானது என்று 1899-இல் ஹேக் மாநாட்டில் தடை போட்டார்கள். போரில் கொடூரம் என்று தள்ளிய அதே குண்டுதான் வேட்டையில் இரக்கமானது. சிப்பாயைக் காயப்படுத்தினால் போதும் என்று போரில் நினைக்கிறார்கள். மிருகத்தைக் காயத்தோடு விடுவதுதான் வேட்டையில் பாவம்.

நம் அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகளில் சுற்றிய பெங்களூர் கென்னத் ஆண்டர்சனைப் படித்தவர்கள் அவருடைய .405 வின்செஸ்டரை மறந்திருக்க மாட்டார்கள். அவர் எழுத்தில் திரும்பத் திரும்ப வருவது காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் போகும் கடமை. இன்று நம் ஊரில் துப்பாக்கி கேட்பவர்களில் எத்தனை பேர் டார்ச்சு லைட்டோடு புதருக்குள் பன்றியைத் தேடிப் போவார்கள்?

அப்படியானால் மென்மூக்கு ரைபிள் குண்டே போதுமே என்று முடித்துவிடலாமா? இங்கேதான் நம் ஊரின் நிலைமை குறுக்கே வருகிறது. ரைபிள் குண்டு தப்பினால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். ஆண்டர்சன் நடந்த காட்டில் அந்தத் தூரத்தில் ஆள் இல்லை. நம் பக்கத்தில் மாந்தோப்பு, அதை ஒட்டி வீடு, அதற்கப்பால் சிப்காட் சாலை. பன்றி வருவது ராத்திரி. கம்பெனி பஸ் வருவதும் ராத்திரி. செருப்புக் கம்பெனியில் ஷிப்டு முடித்து வரும் பெண்கள் அந்தச் சாலையில்தான் வருகிறார்கள். சமதரையில் நின்று நேர்மட்டத்தில் ரைபிள் சுடுவது இங்கே கூடவே கூடாது. பரண் கட்டி, மேலிருந்து கீழே சுட வேண்டும். அப்போதுதான் தப்பிய குண்டு மண்ணில் புதையும். குருவி ஓட்டப் பரண் கட்டிய நம் தாத்தாக்களுக்கு இது புதிதில்லை.

ஆகவே என் கருத்து இது. தனியாருக்கு ஊரெல்லாம் துப்பாக்கி கொடுப்பது வேண்டாம். பயிற்சி பெற்ற ஆள் சுடட்டும். அதில் தமிழக அரசின் ஏற்பாடு சரி. ஆனால் அனுமதி என்ற காகிதம் மட்டும் போதாது. எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எத்தனை கஜம், எங்கிருந்து சுடுவது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பரணிலிருந்து என்றால் மென்மூக்கு ரைபிள் குண்டு. தோட்டத்துக்குள் கிட்டத்தில் என்றால் 12 போரில் எல்.ஜி. அல்லது ஒற்றைக் குண்டு. குட்டியோடு வரும் தாயை விட்டுவிட வேண்டும். காயம்பட்டதை விடிவதற்குள் தேடி முடிக்க வேண்டும். செத்ததைப் புதைக்க வேண்டும். கேரளாவில் புதைக்கத்தான் சொல்கிறார்கள். கறி வீணாகிறதே என்று நம்மாட்களுக்கு மனசு கேட்காது, தெரியும். ஆனால் ஈயக் குண்டு உடம்புக்குள் தூள் தூளாகச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கும் குழந்தைகளுக்கு விஷம். அதனால்தான் கலிபோர்னியா 2019-இலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்தது. கறி கிடைக்கும் என்று ஆகிவிட்டால் பயிர் காக்கும் வேலை கறி வேட்டையாக மாறும் என்பதும் நமக்குத் தெரியாததா?

இவ்வளவு கறாராக ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். சரியான வழி தாமதமானால் மனிதன் தப்பான வழிக்குப் போவான் என்பதால்தான். 2023 மார்ச்சில் நமக்குப் பக்கத்து மாரண்டஹள்ளி வட்டாரத்தில் பன்றிக்காகத் தோட்டத்தில் கள்ளத்தனமாகப் போட்ட மின்கம்பியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2020-இல் கேரளாவில் சினை யானை ஒன்று வெடி வைத்த பழத்தைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றில் நின்றபடியே செத்தது. நம் பக்கம் அவுட்டுக்காய் என்போமே, அந்த ரகம்தான். அவுட்டுக்காய்க்குப் பன்றி எது, மாடு எது, பிள்ளை எது என்று தெரியாது. மின்கம்பிக்கும் தெரியாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அதே கம்பியில்தான் சாகிறார். ஒரு தோட்டாவுக்காவது பின்னால் ஒரு மனிதக் கண் இருக்கிறது. சுடாமல் நிறுத்தலாம் என்ற வாய்ப்பு இருக்கிறது. நான் தோட்டாவின் பக்கம் நிற்பது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. சூரிய மின்வேலி அதிர்ச்சி மட்டும் கொடுக்கும், கொல்லாது. அதைப் பதிவு செய்து போட 2023-இலேயே தமிழ்நாட்டில் விதிகள் வந்துவிட்டன. தனியாளுக்குச் செலவு அதிகம். நாலு தோட்டக்காரர் சேர்ந்து போடலாம். பயிர்ச்சேத நிவாரணம் அடுத்த விதைப்புக்குள் கைக்கு வந்தால் பாதிக் கோபம் அடங்கும். தோட்டா கடைசியாக வர வேண்டியது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நூறு நாள் வேலை, தெருவிளக்கு பற்றிப் பேசிய பிறகு யாராவது எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஊர் காப்புக்காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? சுட வருபவர் என்ன தோட்டா கொண்டு வருவார்? காயத்தோடு ஓடினால் யார் தேடுவார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அரசாங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன், எழுத்தில் ஏறாத பதில் பதிலே இல்லை.